பழைய கங்காணி, புதிய தரகன்

வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்து நூல் மில்களுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வாலிபர்கள் வந்து இறங்குகிறார்கள். கூட்டி வருகிறவன் தரகன். அவனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். தங்குவது மில் விடுதியில். நம் விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பெண்பிள்ளைகளைச் சுமங்கலித் திட்டம் என்று ஆசைகாட்டி முகாம் கூலியாக அடைத்துவைத்தார்களே, அதே மாதிரி விடுதிதான்.

"நம் பிழைப்பில் மண் போட வந்துவிட்டார்கள்" என்று நம் தோழர்களில் சிலரே பேசுகிறார்கள். இது தவறு என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் பாட்டன்மாரை இலங்கைத் தோட்டங்களுக்கு ஓட்டிச் சென்ற கங்காணியும் தலைக்காசு வாங்கியவன்தான். வழிச்செலவு, முன்பணம் எல்லாம் கூலிக்காரன் தலையில் கடனாக ஏறின. கடன் தொகை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல் துண்டு ஒழிந்தது, கங்காணி ஒழியவில்லை. காட்டை அழித்துத் தேயிலை நட்டவனுக்குக் கையகல நிலமாவது கொடுத்தார்களா? லயத்தில் ஓர் அறை, அதுவும் வேலை உள்ளவரை. 1948-ல் பிரஜாவுரிமையும் பறிபோயிற்று. 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று பங்கு பிரித்தார்கள். அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்டவரில்லை. திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நமது கொடைக்கானல் மலையிலேயே மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் போய், கான்ட்ராக்டரிடம் மறுபடி கடன்பட்டார்கள்.

அன்று நம்மவன் அங்கே அந்நியன். இன்று ஒடிசாக்காரன் இங்கே. லாபம் இரண்டு இடத்திலும் முதலாளிக்கு.

தரகன் கமிஷனைக் கூலியில் பிடிக்கக் கூடாது. வேலை முடிந்தால் விடுதிக் கதவு திறந்திருக்க வேண்டும். சம வேலைக்குச் சம கூலி வேண்டும். சங்க நோட்டீசை ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடுவோம். செலவாகும், ஆகட்டும்.