‘பூவார் ஒன்லி’: தேற்றமா, பிரிநிலையா?

‘த சர்வே வாஸ் டன் இன் பூவார் ஒன்லி’ என்று ஓர் ஆய்வேட்டில் எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். எழுதியவர் மனத்தில் இருந்த தொடர், ‘பூவாரில்தான் களஆய்வு நடந்தது’ என்பது. படிக்கும் வெளிமாநிலத் தேர்வாளர் பெறும் பொருளோ, ‘பூவாரில் மட்டும் நடந்தது, வேறெங்கும் இல்லை’. அடுத்த இயலில் பாறசாலைத் தரவுகள் வந்ததும் அவர் முரண்பாடு என்று குறிப்பெழுதுவார். தரவில் பிழையில்லை, சிக்கல் ஒரு வினையடையில் உள்ளது.

ஏகார இடைச்சொல்லின் ஐந்து பொருள்களுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் தொல்காப்பியம் தனித்தனியே எண்ணியிருக்கிறது. இன்றைய தமிழில் அழுத்தத்திற்குத் ‘தான்’, விலக்கலுக்கு ‘மட்டும்’. இவ்விரண்டும் ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ என்ற ஒரே சொல்லாகிவிடுகின்றன. நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லைச் சிற்றூர்களில் மலையாளமும் உடன் சேர்கிறது. அதன் ‘தன்னெ’, ‘டுடே இட்செல்ஃப்’ என்ற வழக்குக்குத் துணைநிற்கிறது.

சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘இலக்கணப் பிழை’ என்று ஓரத்தில் எழுதுவதால் மாணவர் எதையும் கற்பதில்லை. அவர் ‘ஒன்லி’யைத் தூக்கி வினைக்கு முன் வைப்பார், பொருள் அப்போதும் விலக்கலாகவே இருக்கும். ஆங்கிலப் பேச்சில் குரலழுத்தமே தேற்றத்தைத் தந்துவிடுகிறது. எழுத்தில் அதற்கு ‘இட் வாஸ் இன் பூவார் தட்…’ என்ற பிளவுத்தொடர் உண்டு. மலையாளம் அறிந்தவருக்கு இது புதிதன்று. ‘பூவாறிலாணு’ என்று தொடங்கும் அம்மொழித் தொடரும் இதே வேலையைத்தான் செய்கிறது. வகுப்பறையில் ஏற்கெனவே இருக்கும் இந்த அறிவை ஆங்கில ஆசிரியர் பயன்படுத்தத் தயங்குவது வியப்பளிக்கிறது. தாய்மொழி குறுக்கே வரும் என்ற பழைய அச்சம் போலும்!

‘ஒன்லி’யை அது தழுவும் சொல்லின் அருகிலேயே வைக்கவேண்டும் என்னும் கண்டிப்பையும் அளவோடு கொள்ளவேண்டும். பொருள் மயங்காத இடத்தில் அது வினைக்கு முன் வருவதை ஃபவுலரே 1926இல் வெளியான தம் வழக்குநூலில் ஆதரித்தார். ஆனால் ஆய்வேட்டில் மாதிரியின் எல்லையைச் சொல்லும் தொடர் அத்தகைய இடமன்று. ‘இருபது பெண்களிடம் மட்டும் பேசினோம்’ என்பதும் ‘பெண்களிடம் பேச மட்டும் செய்தோம்’ என்பதும் வெவ்வேறு ஆய்வுமுறைகள்.

‘டுடே இட்செல்ஃப்’ என்பதை அலுவலகக் கடிதத்தில் யார் எழுதினாலும் விட்டுவிடலாம். அதனால் எவருடைய தரவும் தவறாகப் படிக்கப்படுவதில்லை.