உரிமத்தில் எழுதாமல் விட்ட வரி

1960-களில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டு, பலன் தராமல் ஒதுக்கப்பட்ட ஒரு வேதிப்பொருளை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசாஃப், தாய்-ஷுன் லின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களில் மறுபடி கையில் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பெருகுவதை அது தடுக்கும் என்று கண்டறிந்தார்கள். ஆய்வுக்கு அரசு நிதியும் கிடைத்திருந்தது. காப்புரிமை பெற்ற பல்கலைக்கழகம், அதைப் பயன்படுத்தும் தனியுரிமத்தை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஸ்டாவுடின் என்ற அந்த மருந்து 1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1990-களின் இறுதியில் யேலுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் ராயல்டி வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் மருந்து வாங்க வழியின்றி இறந்துகொண்டிருந்தார்கள். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின் உள்ளிட்ட மூன்று மருந்துகளை நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவிலும் யேல் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. ஸ்டாவுடினின் மலிவான ஜெனரிக் வடிவத்தை அங்கே இறக்குமதி செய்ய அனுமதிக்கும்படி ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு கடிதம் எழுதியபோது, உரிமம் ஒரே நிறுவனத்திடம் இருப்பதால் முடிவு தங்கள் கையில் இல்லை என்றது பல்கலைக்கழகம். மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். மருந்தைக் கண்டறிந்த புருசாஃபே அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் மாதமே பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் இறங்கிவந்து, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று அறிவித்தது. அங்கே அந்த மருந்தின் விலை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகச் சரிந்தது.

தங்கள் கையில் இல்லை என்று யேல் சொன்னது பொய்யல்ல. உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலேயே அது தன் கையைக் கட்டிக்கொண்டுவிட்டது. ஏழை நாடுகளுக்கு விலக்கு அளிக்கும் ஒரு வரியை அன்றே சேர்த்திருந்தால், பிறகு கடிதமும் போராட்டமும் தேவைப்பட்டிருக்காது. பொதுப்பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பு யாருக்குப் போய்ச் சேரும் என்பதை உரிமத்தின் நிபந்தனைகளே தீர்மானிக்கின்றன. ஆனால் நம் விவாதங்கள் காப்புரிமைச் சான்றிதழோடு நின்றுவிடுகின்றன.

தனியுரிமம் இல்லாவிட்டால் எந்த நிறுவனம் பணம் போடும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆய்வகத்தில் கிடைத்த மூலக்கூறு மாத்திரையாக மாற, மனிதர்கள் மீதான பல கட்டப் பரிசோதனை வேண்டும். அந்தச் செலவைப் பல்கலைக்கழகம் தாங்காது. ஆனால் தனியுரிமம் கொடுப்பதென்றால் உலகம் முழுவதற்கும், எல்லாப் பயன்பாட்டுக்கும், நிபந்தனை ஏதுமின்றிக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. மருந்து நிறுவனங்களின் விற்பனையில் ஆப்பிரிக்காவின் பங்கு அன்று மிகச் சிறியது. அங்கே விட்டுக்கொடுப்பதால் முதலீட்டை மீட்பது தடைப்பட்டிருக்காது. மேலும், தனியுரிமமே இல்லாமல் பெரும் தொழில்கள் வளர்ந்ததும் உண்டு. மரபணுக்களை வெட்டி ஒட்டும் கோஹன்-போயர் முறைக்கு 1980-ல் முதல் காப்புரிமை பெற்ற ஸ்டான்ஃபோர்டு, கேட்ட நிறுவனங்களுக்கெல்லாம் அதை உரிமமாகக் கொடுத்தது. 1997-ல் காப்புரிமைக் காலம் முடிவதற்குள் 400-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உரிமம் பெற்றன. வருவாய் 25 கோடி டாலரைத் தாண்டியது.

அப்படியானால் காப்புரிமையே எதற்கு, ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டுவிடலாமே என்று மறுபக்கத்தில் சிலர் சொல்கிறார்கள். இன்சுலின் இதற்குப் பதில். 1923-ல் அதன் காப்புரிமையைக் கண்டுபிடிப்பாளர்கள் டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்கு மாற்றிக் கொடுத்தார்கள். வேறு எவரும் ஏகபோகம் கொண்டாடாமல் தடுக்கவும், தரமற்ற இன்சுலின் சந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ளவும் பல்கலைக்கழகம் அந்தக் காப்புரிமையைப் பயன்படுத்தியது. காப்புரிமை கையில் இருந்ததால்தான் நிபந்தனை விதிக்க முடிந்தது.

காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறு நிறுவனம் தயாரிக்க அனுமதிக்கும் கட்டாய உரிமம் இந்தியச் சட்டத்தில் இருக்கிறதே என்பது இன்னொரு வாதம். 2012-ல் நாட்கோ நிறுவனத்துக்கு அது வழங்கப்பட்டபோது, மாதம் 2.8 லட்சம் ரூபாய் விலையில் இருந்த புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே விண்ணப்பிக்க முடியும். பிறகு வழக்கு மேல் வழக்கு. அரிதிலும் அரிதாகவே கிடைக்கும் அந்த நிவாரணத்தை நம்பி, பல்கலைக்கழகம் தன் ஒப்பந்தத்திலேயே செய்யக்கூடியதைத் தள்ளிப்போடுவது எந்த வகையிலும் பொருந்தாது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 2021-ல் 80 சதவீதம் குறைக்கப்பட்டது. உயர்கல்வி நிறுவனங்களுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு, வழங்கப்பட்ட காப்புரிமைகளோடு வெளியிடப்பட்ட விண்ணப்பங்களும் கணக்கில் சேர்கின்றன. விண்ணப்பம் வெளியாவது தகுதிக்குச் சான்றல்ல. 18 மாதம் ஆனால், பரிசீலனைக்கு முன்பேகூட அது காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வந்துவிடும். இப்படிச் சேரும் எண்ணிக்கையைக் கல்லூரிகள் விளம்பரத்தில் போட்டுக்கொள்கின்றன. அந்தக் கண்டுபிடிப்புகளில் எத்தனை யாருக்கு, என்ன நிபந்தனையில் போயின என்று மாணவரோ பெற்றோரோ அறிய வழியில்லை. ஏழை நாடுகளின் தேவையை உரிமத்தில் கருத வேண்டும் என்று ஸ்டான்ஃபோர்டு உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் 2007-லேயே கூட்டாக அறிவித்துவிட்டன. நம் பல்கலைக்கழகங்களாலும் அதைச் செய்ய முடியும். அரசு மருத்துவமனைகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் மலிவாகத் தயாரிக்கும் உரிமையைத் தங்களிடம் வைத்துக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் பயன்படுத்தாத நிறுவனத்திடமிருந்து உரிமத்தைத் திரும்பப் பெறவும் ஒப்பந்தத்தில் இடம் வைக்கலாம். கண்டுபிடிப்பு பயன்பாட்டில் இருக்கிறதா என்று காப்புரிமை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் படிவம் 27 ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் அந்தப் படிவத்தையும் உரிம நிபந்தனைகளின் சுருக்கத்தையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று கல்வி அமைச்சகம் அடுத்த ஆண்டே உத்தரவிடலாம்.