அழுக்கெடுப்பதும் இன்ஜினியரிங்தான்!

புதிதாகக் குழாய் போட்டால் மந்திரி வருவார், ரிப்பன் வெட்டுவார், மறுநாள் பேப்பரில் போட்டோ வரும். அதே குழாயைச் சுத்தம் செய்யும் நாளுக்கு யாராவது விழா எடுத்ததுண்டா?

மும்பை ஹை எண்ணெய் வயலை 1974-ல் கண்டுபிடித்தார்கள். அங்கிருந்து கடலடிக் குழாய் வழியாக உரான் கரைக்கு எரிவாயு வருகிறது. நம் தமிழ்நாட்டுக் கடலிலும் பி.ஒய்.1 வயலிலிருந்து 2009-ல் கரைக்கு வாயு வந்தது. கடலில் எடுக்கும் வாயு தனியாக வராது. ஈரம், மணல், துருத்தூள் எல்லாம் கூடவே வரும். தண்ணீர் குழாயின் அடியில் தேங்கும். வாயுவிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்து அமிலமாகி, எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும்.

இதை எடுப்பதற்கு ‘பிக்’ என்று ஒரு சாதனம் உண்டு. பன்றி என்று அர்த்தம். பேரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்! குழாயின் உள்ளளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும் தட்டுகளும் பிரஷ்களும் கொண்டது. ஒரு முனையில் உள்ளே விட்டால் வாயுவின் அழுத்தமே பின்னாலிருந்து தள்ளும். வழியெல்லாம் வழித்துக்கொண்டு மறுமுனையில் வந்து சேரும். அதன் பிறகு சென்ஸார் வைத்த பிக் போய், குழாய்ச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று அளந்து வரும். அழுக்கு பாக்கி இருந்தால் அந்த அளவும் தப்பாகும்.

கால்வாயைத் தூர் வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணி வராது. மதுராந்தகம் ஏரிப் பக்கம் பிழைக்கும் எங்கள் ஜனங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கால்வாய் கெட்டால் பயிர் போகும். வாயுக்குழாய் கெட்டால்?

2014 ஜூன் 27. ஆந்திராவில் அன்றைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமம். விடியற்காலையில் கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்கான குழாயில் ஈர வாயுவை அனுப்பியதால் அரித்துப் போனது என்று விசாரணையில் தெரிந்தது. அது தரையில் போன குழாய். கடலுக்கடியில் அரிக்கிற குழாயை யார் கண்ணால் பார்ப்பது?

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். மெயின்டெனன்ஸ் வேலைக்குப் போகப்போகிறேன் என்றதும் அத்தை, “இவ்ளோ செலவு பண்ணிப் படிச்சிட்டு கொழா கழுவப் போறியாடா?” என்றார். அத்தையைச் சொல்லிக் குற்றமில்லை. அழுக்கெடுக்கிற வேலை மட்டம் என்று காலங்காலமாக நம் ஊரில் ஊறிப்போன எண்ணம் அது. இன்டர்வியூவில் டிசைன் செக்‌ஷன் கிடைக்குமா என்று கேட்கும் நாமும் அதே கட்சிதானே!

குழாய் போடுகிறவன் ஒரு தடவை வந்து போகிறான். காப்பாற்றுகிறவன் வருஷக்கணக்காக நிற்கிறான். கான்ட்ராக்ட் ஆள் என்று சொல்லி அவன் சம்பளத்தையும் மரியாதையையும் குறைக்கக் கூடாது. பராமரிப்புச் செலவை வெட்டி லாபம் காட்டவும் கூடாது. பைப்லைன் பராமரிப்பை ஒரு தனி யூனிட்டாக நம் பாடத்தில் வைக்கும்படி மாணவர் சங்கம் கேட்க வேண்டும்.

பிக்கை அனுப்பிவிட்டு, மறுமுனையில் வந்த அழுக்கை எடை போட்டுக் குறித்து வைக்கிறவனும் இன்ஜினியர்தான். அந்த வேலைக்கு நான் ரெடி. நீங்கள்?

– இயந்திரவியல் மாணவன், இரண்டாம் ஆண்டு, கருங்குழி