மலையேறிச் சென்று தேநீர் சுவைப்பது

பிரான்ஸ் தேசத்தின் அல்சாஸ் பிரதேசத்தில், வோஜ் மலைத்தொடரின் அடிவாரச் சரிவுகளை ஒட்டி ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தூரம் வளைந்து செல்லும் சாலை ஒன்றுக்கு, 1953-ஆம் ஆண்டில் திராட்சை மதுப் பாதை என்று நாமகரணம் செய்தார்கள். நார்மண்டியிலோ, ஆப்பிள் தோப்புகளின் நடுவே, ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்து எடுக்கும் சைடர் பானத்துக்கென்றே அத்தகைய பாதை ஒன்று இருக்கிறது. அவ்வழியே பிரயாணம் செய்கிறவர்கள் ஊருக்கு ஊர் நின்று, உற்பத்தி செய்தவரின் வாசலிலேயே ஒரு மிடறு அருந்தி, இது எந்தச் சரிவில் விளைந்தது, அங்கே மண் எப்படிப்பட்டது, சென்ற வருஷத்து மழை என்ன செய்தது என்றெல்லாம் விசாரித்து அறிகிறார்கள். குடிப்பதைக் காட்டிலும் விசாரிப்பதே அங்கே பிரதானம் என்பதுதான் எனக்கு அந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தமான அம்சம்.

மது நமக்கு வேண்டாம். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர்கள் 1941-ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்து, துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்ப்பலியும் கொடுத்தபோது, கூலி உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தார்கள் என்பதை, தெலுக் பங்லிமா காராங்கிலும் பந்திங்கிலும் வாழும் நாம் மறந்துவிடலாகாது. ஆனால் இந்துவும் முஸ்லிமும் சீனரும், குழந்தையும் கிழவரும் ஒரே மேசையில் அமர்ந்து சங்கோஜமின்றிச் சுவைக்கத்தக்க பானம் ஒன்று நம் மலேசிய மலைச்சரிவிலேயே விளைகிறது. கேமரன் மலையின் தேயிலையைத்தான் சொல்லுகிறேன்.

பள்ளி விடுமுறை வந்தால் நம்மவர்கள் காரை எடுத்துக்கொண்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு தாப்பா வழியாக வளைவு வளைவாக ஏறி, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தோட்டத்தின் முன்னே நின்று படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். தேயிலை அவர்களுக்குப் படத்தின் பின்னணி. அந்தத் தோட்டத்தின் இலையைப் பாலும் சர்க்கரையும் கலவாமல் ஒரு தடவையேனும் வாயில் வைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. நம் கடைகளில் ஆற்றித் தரும் தே தாரிக் பெரும்பாலும் தூள் தேயிலையில் இறங்குவது. கெட்டிப்பாலுக்கு ஈடுகொடுக்கும் கடுமை அதற்கு வேண்டும், அது தவறன்று. ஆயினும் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்த ஒரு ஜனசமூகம், முழு இலையின் ருசியை அறியாமலே இருந்துவிடுவது எனக்கு மனவருத்தத்தைத் தருகிறது.

தேயிலையைச் சோதித்துச் சுவைப்பதற்கென்று சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட முறை ஒன்று உண்டு. 100 மில்லிலிட்டர் நீருக்கு 2 கிராம் இலை என்ற கணக்கில் வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் போட்டு, கொதிக்கும் நீரை ஊற்றி, மூடி, 6 நிமிஷம் காத்திருந்து, சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, வெந்த இலையை மூடியின்மேல் கவிழ்த்து வைக்கிறார்கள். சுவைப்பவர் முதலில் காய்ந்த இலையைப் பார்க்கிறார். பிறகு வெந்த இலையை மூக்கருகே கொண்டுபோகிறார். கடைசியில் கரண்டியால் சாற்றை எடுத்து, காற்றோடு சேர்த்து ஓசையெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, விழுங்காமல் உமிழ்ந்துவிடுகிறார். அந்த ஒரு கணத்தில் துவர்ப்பு நாவின் எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது, மணம் தொண்டைக்குப் பின்னால் எழுகிறதா, வாட்டியதில் அவசரம் நேர்ந்ததா, புளிக்கவிட்டதில் நேரம் மிஞ்சியதா என்று சொல்லிவிடக்கூடிய ஞானம் அப்பியாசத்தால் வருவது. பத்து வயதுப் பிள்ளைக்கும் இதன் ஆரம்பப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கோல லங்காட் மாவட்டத்திலேயே, புக்கிட் சீடிங்கில், கேமரன் மலையில் தோட்டம் வைத்திருக்கும் போ (BOH) தேயிலை நிறுவனம் தாழ்நிலத் தேயிலை பயிரிட்டது என்பது பக்கத்து ஊர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாத செய்தி. வெப்பமான சமவெளியில் கொழுந்து வேகமாகத் துளிர்க்கிறது. ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட குளிரில் அது நிதானமாக வளர்ந்து மணத்தைச் சேர்த்துக்கொள்கிறது. தாழ்நிலத்து இலையையும் மலையிலையையும் அடுத்தடுத்து இரண்டு கிண்ணங்களில் வைத்துச் சுவைக்கச் செய்தால், உயரம் என்பது என்ன என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத விதத்தில் நாக்கே சொல்லிவிடும்.

இன்னொரு விஷயத்தை இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். 1885-இல் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை அளந்தார் என்பதும், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தை ஆரம்பித்தார் என்பதும் யாரும் எளிதில் அறியக்கூடிய சரித்திரம். ஆனால் அந்தச் செங்குத்துச் சரிவுகளில் காட்டை வெட்டியவர்களும், கன்று நட்டவர்களும், பனியில் நனைந்தபடி கொழுந்து பறித்தவர்களும் யாருடைய பாட்டன் பாட்டிமார்? தொழிலாளர் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடைசெய்வதற்குள் வந்து சேர்ந்த தமிழர்கள் அவர்களில் எத்தனையோ பேர். லயங்களில் பிள்ளை பெற்று, கோயில் கட்டி, தமிழ்ப்பள்ளி நடத்தி வாழ்ந்தார்கள். போ தோட்டத்தின் பெயரிலேயே ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. இன்று கையால் கிள்ளிப் பறிப்பது குறைந்து, கத்தரிக்கோலும் இருவர் பிடித்து நடக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலை செய்கிறவர்களிலும் வங்காள தேசத்தாரும் நேப்பாளத்தாரும் அதிகம். எனவே, கையால் கொழுந்து கிள்ளிய தலைமுறையின் நினைவு மூதாட்டிகள் சிலரிடத்தில் மட்டுமே தங்கியிருக்கிறது.

மலைத் தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து, சுற்றுலாத் துறையின் துணையோடு, ரிங்லெட் முதல் பிரிஞ்சாங் வரை தேநீர்ப் பாதை ஒன்றை அமைக்க வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு சுவை மேசை, எந்தச் சரிவின் இலை என்று எழுதிய சீட்டு, மலாயோடு தமிழிலும் சீனத்திலும் விளக்கம் ஆகியவை இருக்க வேண்டும். அந்த மேசையருகே, ஓய்வுபெற்ற கொழுந்துக்காரிகளைக் கௌரவமான சம்பளம் கொடுத்து அமர்த்தி, எந்தக் கொழுந்தை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு அவர்கள் கையாலேயே காட்டச் செய்ய வேண்டும். அவர்களுடைய வயதை நினைக்கும்போது, இதை இன்னொரு ஐந்தாண்டுத் திட்டத்துக்குத் தள்ளிப்போடுவது நியாயமாகாது. வருகிற ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் ஒரு தோட்டமாவது முன்வரட்டும்.