வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

வீட்டிற் கணினி வாங்கிய கையோடு நம்மவர் கேட்கும் வினா ஒன்றே: “பாரமில்லாத வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் எது?” வினாவிற் குற்றமில்லை. யாழ்ப்பாணத்து ஆசிரியர் வீட்டிலாயினும், கிளிநொச்சியில் நெல் விதைக்கும் கமக்காரர் வீட்டிலாயினும், மேசைமேல் இருப்பது பலவேளை பிறர் பாவித்துக் கழித்த யந்திரம். நான்கு கிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட அந்த யந்திரத்தின் முதுகில் மேலும் ஒரு மூட்டையை ஏற்றினால் அது படுத்துவிடும். பிள்ளையின் பாடத்தைத் திறக்க ஐந்து நிமிடம், வங்கிக் கணக்கைப் பார்க்கப் பத்து நிமிடம் என்றானபின், பொறுமையிழந்தவர் காவலையே கழற்றி எறிகிறார்.

அந்த வினாவுக்குக் கடைகளிற் கிடைக்கும் விடைதான் நமது விசனத்துக்குரியது. சில கடைக்காரர் தம்மிடம் பெட்டியில் இருப்பதை எடுத்து நீட்டுகின்றனர். வேறு சிலர் இலவசமாகக் கிடைக்கும் இரண்டினை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து அனுப்புகின்றனர். இரண்டு காவலாளர் நின்றாற் கள்வன் கூடுதலாக அஞ்சுவான் என்பது அவர்கள் கணக்கு. கணினிக்குள் இந்தக் கணக்குச் செல்லாது. வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் வேலை யாதெனில், திறக்கப்படும் ஒவ்வொரு கோப்பையும் திறக்குமுன் நிறுத்திச் சோதிப்பதாகும். அதன் பாரம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. இரண்டு மென்பொருள்கள் ஒரே வாயிலில் நின்றால், ஒன்று தொட்டதை மற்றது சோதிக்கும். மற்றது தொட்டதை முதலாவது மீண்டும் சோதிக்கும். கள்வன் வருமுன்னரே காவலாளர் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்பர். வீட்டுக்காரர் வாயிலுக்கு வெளியே காத்திருப்பார்.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் கூறிவிடுகிறோம். பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் விண்டோஸ் உள்ள சாதாரண வீட்டுக் கணினிக்கு, விலை கொடுத்தோ இலவசமாகவோ வேறு காவல் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. காவல் உள்ளேயே இருக்கிறது. 2003 ஓகஸ்டில் ‘பிளாஸ்டர்’ என்னும் புழு, எவரும் எதனையும் திறவாமலே, இணையத்தில் இணைந்திருந்த கணினிகளுக்குள் தானாகப் புகுந்து அலைக்கழித்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் அன்றும் ஒரு தீச்சுவர் இருந்தது; ஆனால் அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது! அடுத்த ஆண்டு ஓகஸ்டில் வந்த இரண்டாவது சேவைப் பொதியோடுதான் அது தானாகவே இயங்கத் தொடங்கிற்று. 2012இல் விண்டோஸ் 8 வெளிவந்தபோது, டிஃபென்டர் என்னும் வைரஸ் எதிர்ப்பும் முழுமையாக உள்ளே சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளிற் சோதனைக்கூடங்களின் கணிப்பில் அது கடைசி வாங்கில் இருந்தது உண்மையே. அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் இன்றும் சிலர் வியாபாரம் செய்கின்றனர். ஜேர்மனியின் மாக்டபேர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரிலுள்ள ஏவி-கொம்பரட்டிவ்ஸ் ஆகிய கூடங்களின் அண்மைக்கால முடிவுகளைப் பார்ப்போர், விலைக்கு விற்கப்படுபவற்றோடு அது சமமாக அமர்ந்திருக்கக் காண்பர்.

அதுவே எல்லாவற்றிலும் பாரங்குறைந்ததோ எனின், அன்று. கோப்புகளைப் பிரதி செய்யும்போதும், சுருக்கிக் கட்டும்போதும் அது சற்றே இழுக்கும். ஈசெற் போன்றவை அவ்விடயத்தில் நற்பெயர் பெற்றவை. 1991இல் சென்னையிலே தொடங்கப்பெற்ற கே7 நிறுவனத்தின் மென்பொருளும் பாரமின்மைக்காகப் பாராட்டப்பட்டு வந்துள்ளது. தமிழ்நாட்டிற் பிறந்தது என்பதற்காக அன்றி, பழைய யந்திரத்துக்கு ஏற்றது என்பதற்காகவே அதனைக் குறிப்பிடுகிறோம். விலை கொடுக்க விரும்புவோர் ஆண்டுச் சந்தா முடியும் நாளை நாட்காட்டியிற் குறித்து வைக்க வேண்டும். சந்தா முடிந்து புதிய வைரஸ்களை அறியாது உறங்கும் காவலாளியைவிட, விண்டோஸோடு வந்தவனே மேல். டிஃபென்டரே போதும் என்போர், அதன் முழுச் சோதனையைக் கணினி சும்மா இருக்கும் வேளைக்கு ஒதுக்கிவிட்டால் இழுபறியிற் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குப் பெரும்பாலும் குற்றவாளி வைரஸ் எதிர்ப்பு அன்று, சுழலும் வன்தட்டே. சந்தாவுக்குக் கொடுக்கும் பணத்தை ஓரிரு ஆண்டு சேர்த்து, அசையும் பாகமற்ற திண்மநிலை வட்டு ஒன்றைப் பொருத்துவது புத்தி.

இனி இலவசங்களைப் பற்றிச் சிறிது சொல்லத்தான் வேண்டும். அவாஸ்ட் என்னும் பெயர் நம்மவருக்கு நெடுங்காலமாகப் பழக்கமானது. தம்மைப் பிறர் வேவு பார்க்காமற் காப்பதாகச் சொல்லிய அந்நிறுவனம், தன்னை நம்பியோர் இணையத்தில் எங்கெங்கே சென்றனர் என்ற விவரத்தை, ஜம்ப்ஷொட் என்னும் துணை நிறுவனத்தின் மூலம் விற்று வந்தது. 2020 ஜனவரியில் அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024இல் ஐக்கிய அமெரிக்காவின் வாணிப ஆணைக்குழு 1 கோடியே 65 இலட்சம் டொலரைச் செலுத்துமாறு பணித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் தேட வேண்டுமோ? நோர்ட்டனும் 2021இல் தன் மென்பொருளோடு மறைநாணயம் அகழும் கருவி ஒன்றைச் சேர்த்தது. பாவிப்பவரின் இசைவோடுதான் அது இயங்கும் என்று சொல்லப்பட்டது என்றாலும், காவலுக்கு வந்தவன் நம் மின்சாரத்தில் நாணயம் அச்சடித்து அதிலே தனக்கும் பங்கு கேட்பது என்ன முறை? நோர்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என நான்கு பெயர்களைக் கண்டு, நான்கையும் ஒப்பிட்டுத் தெரிவு செய்வதாக நினைப்போர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 2022 முதல் அந்த நான்கும் ஜென் டிஜிற்றல் என்னும் ஒரே நிறுவனத்தின் உடைமை.

தீச்சுவரைப் பற்றி நம்மவரிடையே மயக்கம் மிகுதி. பெயரைக் கேட்டோர் அது வைரஸை எரித்துவிடும் என்று எண்ணுகின்றனர். அது செய்வது, வெளியிலிருந்து கேளாமலே தட்டும் இணைப்புகளை உள்ளே விடாது தடுப்பதேயாம். விண்டோஸின் தீச்சுவர் அதனைச் செவ்வனே செய்கிறது, பாரமும் உணரத்தக்கதன்று. உள்ளிருந்து வெளியே செல்வனவற்றை மாத்திரம் அது இயல்பிற் பெரும்பாலும் தடுப்பதில்லை. அதனையும் அடக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்போருக்கு டைனிவோல் என்னும் சிறிய இலவச மென்பொருள் போதும். அது இடையிடையே வினா எழுப்பாமல் வேலை செய்யும். வினா எழுப்பும் தீச்சுவர்களை நாம் விரும்புவதில்லை. “இதனை அனுமதிக்கவா, தடுக்கவா?” என்று நாளுக்குப் பத்துத் தடவை ஆங்கிலத்திற் கேட்டால், ஆங்கிலம் அறியாத தாய் என்ன செய்வாள்? வேலை நடக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு முறையும் ‘அனுமதி’யையே அழுத்துவாள். விளங்காத மொழியிற் கேட்ட வினாவுக்குக் கிடைத்த விடையை இசைவென்று எழுதிக்கொள்ளும் வழக்கம் நமக்குப் புதிதன்று. அதனை வீட்டுக்குள்ளும் கொண்டுவர வேண்டுமா? பேருந்து நிலையத்திலும் விடுதியிலும் கிடைக்கும் வைஃபையில் இணையும்போது ‘பொது வலையமைப்பு’ என்பதைத் தெரிவு செய்தால், தீச்சுவர் தானாகவே இறுக்கமாகிவிடும். அதற்குமேல் சாதாரண குடும்பத்துக்கு வேண்டியது அரிது.

இவை யாவற்றினும் பாரதூரமான விடயம் வேறொன்று இருக்கிறது. அதனைச் சொல்லத் தயங்குவோர் பலர். நமது ஊர்களில் ஓடும் விண்டோஸ் பிரதிகளில் எத்தனை முறைப்படி வாங்கப்பட்டவை? களவுப் பிரதியைச் செல்லுபடியாக்க ஒரு சிறு கருவியை ஓட்டுகின்றனர். அது ஓடுவதற்கு முதலில் வைரஸ் எதிர்ப்பை அணைக்க வேண்டும். அணைத்தபின், அது கிடக்கும் கோப்புறையை ‘இதனைச் சோதியாதே’ என்று விலக்கி வைக்க வேண்டும். இரண்டையும் செய்துவிட்டு, வாடிக்கையாளர் வீடு சேருமுன் அவருக்கு நல்லதொரு வைரஸ் எதிர்ப்பையும் விற்கின்றனர்! முகந்தெரியாத ஒருவன் எழுதிய நிரலுக்கு வீட்டின் முழுச் சாவியையும் கொடுத்தபின், வாயிலில் எந்த நிறக் காவலாளியை நிறுத்துவது என்று விவாதிப்பதனால் யாது பயன்? வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணமும், காணி உறுதியின் படமும், வைத்தியரின் நோயாளர் குறிப்பும் அந்த யந்திரத்திலேதான் இருக்கின்றன. கணினி திருத்தி வந்த அன்றே டிஃபென்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே நீங்கள் சேர்க்காத கோப்புறை ஏதும் இருந்தால், திருத்தியவரிடம் காரணங் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

காவல் நன்றாயிருந்தும் கதவு உளுத்துப் போனால் என்ன நேரும் என்பதற்கு இலங்கை அரசாங்கமே சாட்சி. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பங் கேட்கும் தீநிரல் ஒன்று, 2023 ஓகஸ்டில் அரசின் மின்னஞ்சற் சேவையைத் தாக்கிற்று. மந்திரிசபை அலுவலகம் உட்பட, ஏறத்தாழ 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மடல்கள் மீளவில்லை. அச்சேவை ஓடியது 2013ஆம் ஆண்டுப் பதிப்பான எக்ஸ்சேஞ்ச் மென்பொருளில்; அதற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் அதே ஆண்டு ஏப்பிரலில் நிறுத்தியிருந்தது. புதுப்பிக்கப் பணம் போதவில்லை என்றனர். இழந்த காலத்துக்குரிய மடல்களின் பிரதியும் தனியே வைக்கப்படவில்லை. அரசாங்கம் வைக்காத பிரதியை ஒரு கமக்காரர் வைக்கலாம். வெளி வன்தட்டு ஒன்றில் மாதம் இருமுறை பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றி அலுமாரியில் வைத்தாற் போதும். பூட்டிய நிலையிலுள்ள கோப்பை எந்த வைரஸ் எதிர்ப்பும் திறந்து தராது. டிஃபென்டரிலும், முக்கியமான கோப்புறைகளை அறியாத நிரல்கள் மாற்றாதவாறு தடுக்கும் வசதி ஒன்று இயல்பில் அணைந்து கிடக்கிறது; அதனை இயக்கி வைப்பது நன்று.

உளுத்த கதவு இன்று பல வீடுகளில் இருக்கிறது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ் 10க்கானது 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பதிந்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு மாத்திரம் 2026 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் நீடிக்கப்பட்டன. விண்டோஸ் 11ஐப் பழைய யந்திரங்களிற் பல முறைப்படி ஏற்கமாட்டா. இத்தகைய யந்திரத்துக்கு இலேசான வைரஸ் எதிர்ப்புத் தேடி அலைவதை விடுத்து, லினக்ஸ் மின்ற் போன்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் பதிப்பதே நாம் சொல்லும் வழி. நான்கு கிகாபைட் நினைவகம் அதற்குத் தாராளம். வாங்குவதும் களவாடுவதும் இரண்டும் தேவையில்லை. பாடத்துக்கும் கடிதத்துக்கும் வங்கிக்கும் அது போதும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருளை நம்பியிருக்கும் அலுவலகத்தவருக்கு மாத்திரம் இடர் உண்டு. அவர்கள் புதிய யந்திரத்துக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும். மின்றில் வைரஸ் எதிர்ப்பைத் தனியே பதிக்கத் தேவையில்லை. தீச்சுவர் உள்ளேயே இருக்கிறது. ஆனால் எக்ஸ்பியின் பழைய தீச்சுவரைப் போலவே, இயக்காத நிலையில் இருக்கிறது. பதித்த அன்றே அதன் சாளரத்தைத் திறந்து, ஒருமுறை இயக்கிவிட வேண்டும்.