எனது பொழுதுபோக்கு தோட்டக்கலை (எங்க வீட்ல ஒரு பூந்தொட்டி கூட கிடையாது)

கொஞ்சம் நீளமான புலம்பல். பொறுமை இருக்கறவங்க மட்டும் உள்ள வாங்க.

வாரம் பூரா பொட்டி தட்டிட்டு, சனிக்கிழமை காலையில காசிமேடு பக்கம் ஒரு இலவச டியூஷன்ல பசங்களுக்கு இங்கிலீஷ் எழுதப் படிக்கச் சொல்லித் தர்றேன். நாலாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு, ரெண்டு மாசமா வாயே தெறக்காம இருந்துச்சு. ஒருநாள் "உனக்கு எந்த வார்த்தை வேணும், கேளு"ன்னேன். "சங்கரா"ன்னுச்சு. அவங்க ஆயா மீன் விக்கிறாங்க. ஒரு அட்டையில இங்கிலீஷ் எழுத்துல 'சங்கரா'ன்னு எழுதிக் கொடுத்தேன். மூணாவது வாரம் அதுவே ஒரு வரி எழுதிட்டு வந்துச்சு: 'மை ஆயா செல் ஃபிஷ், சங்கரா இஸ் ரெட்.' செல்லுல ஒரு 'எல்'லைக் காணோம், கடைசி 'எஸ்'ஸையும் காணோம். ஃபிஷ்ல 'ஹெச்'சைக் காணோம். எனக்கு விசிலடிக்கணும் போல இருந்துச்சு.

அங்கேயே சொல்லித் தர்ற பெரிய டீச்சர் நோட்டை வாங்கிப் பார்த்தாங்க. ரெண்டு வார்த்தையைச் சிவப்புல அடிச்சு, பத்து தடவை இம்போசிஷன் கொடுத்தாங்க. "தப்புத் தப்பா எழுத விடுறீங்களே தம்பி, அதுவே பழகிடாதா?"

அடுத்த சனிக்கிழமை அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து சொன்னது: "அண்ணா, நீங்க போர்டுல எழுதிப் போடுங்க. நான் பாத்து எழுதுறேன்."

அந்தக் கடுப்புலதான் இதை எழுதறேன்.

பாத்து எழுதறதோட லட்சணம் எனக்கு நல்லாவே தெரியும் மக்கா. நான் தமிழ் மீடியம். அஞ்சாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் 'எனது பொழுதுபோக்கு'ன்னு இங்கிலீஷ் கட்டுரை வந்தா தோட்டக்கலைன்னுதான் எழுதியிருக்கேன். நோட்ஸ்ல அதுதான் இருந்துச்சு. ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தறதை ஒரு எழுத்துப் பிசகாம எழுதி 91 மார்க் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், 'எனக்கு நாளைக்கு லீவு வேணும்'னு மேனேஜருக்கு நாலு வரி மெயில் எழுத முக்கால் மணி நேரம் ஆச்சு. ஏன்னா அது என் வாக்கியம். பன்னெண்டு வருஷத்துல ஒருத்தர் கூட என் வாக்கியத்தை என்கிட்ட கேட்டதில்ல.

இஞ்சினியரிங் படிச்ச எல்லாருக்கும் ரெக்கார்ட் நோட்டு ஞாபகம் இருக்கும். சீனியர் நோட்டைப் பாத்து அறுபது பக்கம் எழுதினோமே, அதுல யாராவது ப்ரோக்ராமிங் கத்துக்கிட்டோமா? நம்மளா நாலு வரி எழுதி, அது எரர் அடிச்சு, ஏன் அடிச்சுதுன்னு மண்டையை உடைச்சப்பதானே கத்துக்கிட்டோம். அந்தப் பொண்ணு 'ஹெச்' விட்டதும் அப்படி ஒரு எரர் மெசேஜ்தான். 'ஷ்'ங்கிற ஒரு சத்தத்துக்கு ரெண்டு எழுத்து வேணும்கிறது அதுக்கு இன்னும் தெரியாது, அதை நாளைக்குச் சொல்லிக் கொடுன்னு அந்த நோட்டே நமக்குச் சொல்லுது. அதைச் சிவப்பு மையால அடிச்சு மூடினா எப்படி?

அடுத்த கூத்து எழுத்துக்கூட்டறது. தமிழ்ல 'ப'ன்னு சொன்னா அதே சத்தம்தான் 'படம்'லயும் வருது. இங்கிலீஷ்ல எழுத்தோட பேரு வேற, சத்தம் வேற. 'டபிள்யூ'ங்கிற பேருக்குள்ள 'வ' சத்தமே கிடையாது. அப்புறம் டபிள்யூ, ஏ, டின்னு கத்திட்டு 'வாட்டர்'னு படின்னா புள்ள எப்படிப் படிக்கும்? சத்தத்தை முதல்ல கொடுங்க. 2007-ல இங்கிலாந்து அரசு வெளியிட்ட 'லெட்டர்ஸ் அண்ட் சவுண்ட்ஸ்' கையேடு எஸ், ஏ, டி, பி, ஐ, என்னுன்னு ஆரம்பிக்கும். சும்மா இல்ல, இந்த ஆறு எழுத்தை வெச்சே ஸிட், பின், டின், பேன், ஆன்ட்னு பத்து வார்த்தைக்கு மேல படிச்சிடலாம். 'ஒன்', 'செட்' மாதிரி சத்தத்துக்கு அடங்காத வார்த்தைங்க இருக்குதான். அதுங்களைத் தனியா மனப்பாடம் பண்ணிக்கலாம்.

புள்ளைங்க கிட்டயே வார்த்தை கேட்கறது என் கண்டுபிடிப்பு இல்லீங்க. நியூசிலாந்துல மாவோரி குழந்தைங்களுக்குப் பாடம் எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், 1963-லயே 'டீச்சர்'னு ஒரு புத்தகத்துல இதை எழுதிட்டாங்க. நம்ம ஊர்லயும் 2007-08-ல செயல்வழிக் கற்றல் அரசுப் பள்ளிங்க முழுக்க வந்துச்சு. அப்ப நான் அஞ்சாவது, அது நாலாவது வரைக்கும்தான். ஜஸ்ட்டு மிஸ்ஸு.

அதுக்காக ஆக்டிவிட்டின்னு பேரு வெச்சதெல்லாம் ஆக்டிவிட்டி ஆயிடாது. ஆப்பிள் படத்துக்குக் கலர் அடிக்க வெச்சு, கை தட்டிப் பாட வெச்சு, நன்கொடை தர்றவங்களுக்கு போட்டோ அனுப்பறதையும் பாத்துட்டேன். என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான்: யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரியை அந்தப் புள்ள இன்னிக்கு எழுதிச்சா, படிச்சுச்சா? இல்லேன்னா அது கலை நிகழ்ச்சி.

"நாப்பது பேரை வெச்சுக்கிட்டு எப்படிப்பா?"ன்னு கேப்பீங்க. நியாயம்தான். ரெண்டு வழி சொல்றேன், செலவு பழைய தினசரி காலண்டர் தாள் மட்டும்.

ஒண்ணு: புள்ளைங்க தமிழ்லயே ஒரு விஷயம் சொல்லட்டும். அதை எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷ்ல ஒரு வரியாக்கி, தாள்ல எழுதி, வார்த்தை வார்த்தையா வெட்டிக் கலைச்சுப் போட்டு, திரும்ப அடுக்கிப் படிக்கணும். தமிழ் பேசினா ஃபைன் போடற பள்ளிக்கூடங்களுக்கு: தமிழ்தான் இங்க ஏணி, அதைப் புடுங்காதீங்க.

ரெண்டு: நாலு வரியைச் சுவத்துல ஒட்டுங்க. ஜோடியில ஒருத்தன் ஓடிப்போய்ப் படிச்சு, மனசுல வெச்சுக்கிட்டு வந்து சொல்லணும், இன்னொருத்தன் எழுதணும். அப்புறம் ஆளை மாத்துங்க. நாப்பது பேருன்னா இருபது ஜோடி. சத்தம் வரும், வரட்டும்.

அந்தப் பெரிய டீச்சர் மேல எனக்குக் கோபம் இல்ல. அவங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பாங்க. ஆனா "பாத்து எழுதுறேன் அண்ணா"ன்னு சொன்ன புள்ளையைப் பழையபடி எழுத வைக்க நான் எத்தனை சனிக்கிழமை உக்காரணுமோ தெரியல. உக்காருவேன்.

டிஸ்கி: பள்ளிக்கூடத்துல நீங்க எழுதின பொய்ப் பொழுதுபோக்கு எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. தபால்தலை சேகரிப்புன்னு எழுதினவங்க முதல்ல கை தூக்குங்க.