ஒற்றைக் கட்டத்துக்கும் வேலை உண்டு

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் போன் ஓயவில்லை. "பேரன் எத்தனை மார்க்?" 312 என்று சொன்னதும் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன மௌனம். பிறகு, "பரவாயில்லை, பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல். துக்கம் விசாரிக்கிற குரலிலேயே எல்லோரும் பேசினால் பிள்ளை என்ன ஆவான்?

அவன் இப்போது லீவுக்கு என்னோடு இருக்கிறான். டிவியில் வீடியோ கேம் ஆடிக்கொண்டே இருந்தான். திட்டத்தான் போனேன். போன இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த விளையாட்டின் பெயர் 'ஜம்ப் ஃபோர்ஸ்'. ஜப்பானில் 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற சித்திரக்கதை இதழின் ஐம்பதாவது ஆண்டையொட்டி உருவாகி, 2019-இல் வெளிவந்தது. அந்த இதழில் வந்த வெவ்வேறு கதைகளின் நாயகர்கள், கோகு, நருடோ, லூஃபி என்று நாற்பது பேர், ஒரே களத்தில் மோதுகிறார்கள். நம் கதைகளில் பீமனும் அனுமனும் சந்தித்தார்களே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு அணிக்கு மூன்று பேர். களத்தில் ஒருவர்தான் சண்டை போடுவார், மற்றவர்களை மாற்றி மாற்றி இறக்கலாம். "ஆச்சி, மூணு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர்தான்" என்றான். ஒருவர் வாங்கும் அடி மூவர் கணக்கிலும் குறைகிறது. இது எனக்கு உடனே பிடித்துவிட்டது.

நானும் ஆடிப் பார்த்தேன். குத்து பட்டனையே அழுத்திக்கொண்டிருந்தேன், அரை நிமிடத்தில் தோற்றேன். பிறகு சொல்லிக்கொடுத்தான். குத்தினால் தடுக்கலாம். தடுத்துக்கொண்டே நின்றால் பிடித்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். பிடிக்க வருகிறவனை முந்திக்கொண்டு குத்தலாம். எதிராளி அடுத்து என்ன செய்வான் என்று பார்க்கத் தெரிய வேண்டும். சக்தி வேண்டுமென்றால் சண்டை நடுவே நின்று சேர்க்க வேண்டும், நிற்கிற நேரத்தில் அடி விழும். அடி வாங்க வாங்க இன்னொரு அளவுகோல் ஏறும். அது போதுமான அளவு ஏறினால் வீரன் விழித்தெழுந்து பெரிய வித்தை காட்டுவான். அடிபட்டவனுக்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வாரம் ஆடியபின் ஒன்று உறுத்தியது. யாரை எடுத்தாலும் அதே பட்டன்கள், அதே ஓட்டம். ஒருவன் ரப்பர் போலக் கையை நீட்டுகிறான், ஒருவன் சீட்டைக் காட்டிப் பூதத்தை வரவழைக்கிறான். காட்சிதான் வேறு, ஆட்டம் ஏறக்குறைய ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதியே ஆளை முடிக்கும் லைட் என்ற பாத்திரம் இருக்கிறான். அவன் குத்துச்சண்டைக்கு ஆகமாட்டானே! அதனால் கதைப் பகுதியில் மட்டும் வந்து போகிறான், அவனை எடுத்து ஆட முடியாது.

இதைச் சொன்னதும் பேரன் ஒரு பழைய கையடக்கப் பெட்டியை எடுத்து வந்தான். ஜப்பானில் வேலை பார்க்கும் என் மாணவர் ஒருவர் லீவில் வந்தபோது கொடுத்தது. அதில் 'ஜம்ப் அல்டிமேட் ஸ்டார்ஸ்' என்ற 2006-ஆம் ஆண்டு விளையாட்டு. ஜப்பானில் மட்டும் வெளியானது, எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. படத்தைப் பார்த்தே ஆடுகிறான்.

இதில் சண்டைக்கு முன் ஒரு பக்கத்தைத் தயார் செய்ய வேண்டும். நாலுக்கு ஐந்து, இருபது கட்டங்கள். சித்திரக்கதையில் வெட்டியெடுத்த படங்களை அதில் அடுக்க வேண்டும். நாலு கட்டமோ அதற்கு மேலோ பிடிக்கிற படம் என்றால் அவர் சண்டை போடுகிறவர். இரண்டு மூன்று கட்டம் என்றால் கூப்பிட்டதும் ஓடிவந்து ஒரு கை கொடுத்துப் போகிறவர். ஒரே கட்டம் என்றால் உதவியாள். அவர் சண்டைக்கு வரவே மாட்டார். ஆனால் அவர் அங்கே இருப்பதால் சண்டை போடுகிறவருக்குப் பலம் கூடுகிறது. மூன்று வகையிலும் குறைந்தது ஒருவராவது இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை வைத்து ஆடவே முடியாது. எட்டுக் கட்ட வீரனைப் பார்த்து, "ஒற்றைக் கட்டத்துக்காரர் எங்கே? அழைத்து வா" என்று கேட்கிற விளையாட்டு!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் வகுப்புகளில் இருந்த ஒற்றைக் கட்டத்துக்காரர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். மணி அடிக்க ஓடியவன், பானையில் தண்ணீர் நிரப்பியவள், ஒன்றாம் வகுப்புக் குழந்தையைத் தினமும் வீடு வரை கொண்டுபோய் விட்டவன். நான் எழுதிய ரேங்க் கார்டில் அவர்களுக்கு ஒரு பத்தி இருந்ததா? இல்லை. சிலரை, "நீ வேலை செய்யத்தான் லாயக்கு" என்று மற்றவர்கள் முன்னால் சொல்லியும் இருக்கிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால், டீச்சரை மன்னித்துவிடுங்கள்.

தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே பட்டன் என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதனால்தானே என்னைப் போன்ற கிழவியால் எந்த வீரனையும் எடுத்து ஆட முடிகிறது! ஒரே வினாத்தாள் என்பதால்தான் ஏழைப் பிள்ளையும் பணக்காரப் பிள்ளையை முந்த முடிகிறது. அந்த ஒரு களத்தில் தோற்றவன் எதற்கும் ஆகாதவன் என்று முடிவு கட்டுவதுதான் தப்பு.

தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது ஒரு மாதம் வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது இந்த 312 மார்க் பேரன்தான். எனக்குக் கை நடுங்கும், அவனுக்கு நடுங்கவில்லை. பதினொன்றில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் எடுக்கிறேன் என்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார். நேரில் பேசினால் மாப்பிள்ளை மரியாதை என் வாயைக் கட்டிவிடுகிறது. எழுதினால் டீச்சராகிவிடுகிறேன். மாப்பிள்ளை, இதைப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். வந்து பையனோடு ஒரு ஆட்டம் ஆடிப்பாருங்கள். குத்து பட்டனை மட்டும் அழுத்தாதீர்கள்.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி போன் செய்தால் மார்க் கேட்க வேண்டாம். என்ன ஆடுகிறான் என்று கேளுங்கள். அவனே வந்து பேசுவான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்